சின்னையா கேட்ட கேள்விகள்

பந்தல்குடியில் இப்போது கொரோனா பேச்சை எடுத்தால் யாரும் நின்று கேட்பதில்லை. "அது போன கதைய்யா" என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் ஊசி, மாஸ்க் இரண்டில் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், போனவர் திரும்பி வந்து வழக்கடிப்பார். எங்கள் வீட்டில் சின்னையா அப்படித்தான். 2020-ல் எங்களுக்குள் தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. அவர் பக்கம் எவ்வளவு நியாயம், என் பக்கம் எவ்வளவு என்று ஒருமுறை முழுசாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாஸ்க்கும் தடுப்பூசியும் உயிர்களைக் காத்தன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றை எங்கள் மக்களிடம் கொண்டுவந்து சேர்த்த விதம் பல இடங்களில் தப்பு. அந்தத் தப்பை யாரும் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் என் கவலை.

ஊர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாலுவழிச் சாலையில் இருக்கிறது பந்தல்குடி. சுற்றிலும் கரிசல், வானம் பார்த்த பூமி. அடியில் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலைக்கு இங்கிருந்து கல் போகிறது. திருச்சுழிப் பக்கம் போனால் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும். அருப்புக்கோட்டையில் தறி. மேற்கே சாத்தூர், சிவகாசி என்றால் பட்டாசு. எந்த வேலைக்குப் போனாலும் தூசியோ புகையோ மருந்துப்பொடியோ மூக்கில் ஏறாமல் இருக்காது. மூட்டம் பிரிக்கிற பெண்கள் கண் மட்டும் தெரிகிற மாதிரி பழஞ்சேலையைச் சுற்றிக்கொள்வார்கள். கல் ஏற்றுகிறவர்கள் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டுவார்கள். அதனால், முகத்தை மூடுவது நமக்குப் பழக்கமில்லை என்ற பேச்சுக்கே எங்கள் ஊரில் இடமில்லை.

சின்னையா ரொம்ப காலம் லாரியில் கல் ஏற்றினவர். அவர் கேட்டது வேறு. "ஏய்யா, தூசி கண்ணுக்குத் தெரியுது, துண்டு கட்டுறேன். கட்டலேன்னா என் நெஞ்சுதான் கெடும், அது என் பாடு. போலீஸ்காரன் வந்து துண்டு எங்கேன்னு என்னைக்காவது கேட்டிருக்கானா? இதுக்கு மட்டும் எதுக்குக் கேக்கான்?"

உலகம் முழுக்க நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் நடந்த விவாதத்தின் மையம் இந்தக் கேள்விதான். என் உடம்பு, என் பாடு, இதில் நீ யார்?

நான் அவருக்குச் சொன்ன பதில் இது. தூசி உள்ளே போனால் கெடுவது போனவரின் நெஞ்சு. இந்தக் கிருமி அப்படியில்லை. காய்ச்சல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே உங்கள் மூச்சோடு அது வெளியே வந்துகொண்டிருக்கும். சிலருக்குக் காய்ச்சலே அடிக்காது, ஆனால் அவர்களிடமிருந்தும் தொற்றும். உங்களுக்கு ஒன்றுமில்லாமல் போய்விடலாம். படுக்கையில் விழுவது திண்ணையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்க்கரைக்காரர். துண்டை நீங்கள் உங்களுக்காகக் கட்டினீர்கள். மாஸ்க்கை அவருக்காகவும் சேர்த்துப் போடுகிறீர்கள்.

"அப்ப சர்க்கரைக்காரரு வீட்டுக்குள்ள இருக்கட்டுமே, ஊரே எதுக்கு மூடணும்?" என்றார். படித்த பெரிய மனிதர்களும் இதையே சொன்னார்கள்: முதியவர்களை மட்டும் பாதுகாத்துவிட்டு மற்றவர்களை விட்டுவிடலாம் என்று. அருப்புக்கோட்டைத் தறி வீடுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரே அறை. அதில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும். மீதியில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள். மகன் நூல் வாங்க வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அந்த வீட்டில் கிழவரை எந்த உள்ளே வைப்பது?

மாஸ்க் நிஜமாகவே பலன் தந்ததா என்று கேட்பவர்களுக்கு, நம்மைப் போன்ற ஊர்களில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வங்கதேசத்தில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், சுமார் 3.4 லட்சம் பெரியவர்களிடம் நடந்தது. பாதிக் கிராமங்களில் வீடு வீடாக இலவச மாஸ்க் கொடுத்தார்கள், ஏன் போட வேண்டும் என்று விளக்கினார்கள், உள்ளூர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள், சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆள் நின்று மரியாதையாக ஞாபகப்படுத்தினார்கள். மாஸ்க் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். அறிகுறியோடு வந்து, ரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று 9 சதவீதம் குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 60 தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. துணி மாஸ்க்குக்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை.

9 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும். பத்துப் பேரில் நாலு பேர் போட்டதற்கே அவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அபராதம் இல்லை, லத்தி இல்லை. கையில் மாஸ்க்கைக் கொடுத்து, முகம் பார்த்துச் சொன்னார்கள். அதற்கே போடுகிறவர்கள் மூன்று மடங்கானார்கள்.

இங்கே என்ன நடந்தது? 2020 ஜூலை கடைசியில் ரேஷன் கடை வழியாக ஆளுக்கு 2 துணி மாஸ்க் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் செப்டம்பரிலேயே 1939-ம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் வந்தது. அந்தச் சட்டம் சாதாரணமானதில்லை. பொது சுகாதாரத்துக்கென்று தனியாக இந்தியாவில் வந்த முதல் சட்டம், சென்னை மாகாணம் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதில் பெருமைப்படலாம். ஆனால் அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 256 ரூபாய், அதுவும் அளந்துபார்த்து முழுசாகக் கொடுத்தால். அதில் 200 போனால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? 2022 ஜனவரியில் அபராதத்தை 500 ஆக்கினார்கள். அப்போது கூலி 273. ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு.

யாரிடம் வசூலித்தார்கள் என்பதும் மக்கள் கண்ணில் பட்டது. கண்மாய்க்கரையோரம் பைக்கில் ஒற்றையாகப் போகிறவரை நிறுத்தி ரசீது கிழித்தார்கள். வெட்டவெளியில், சுற்றி ஆளே இல்லாத இடத்தில், அந்த மாஸ்க் யாரைக் காக்கப்போகிறது? அதே மக்கள்தான் 2021 மார்ச்சில், ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்காக எல்லாக் கட்சியும் லாரி லாரியாக ஆள் திரட்டியதைப் பார்த்தார்கள். அங்கே ரசீது புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. விதியில் பொருள் இல்லையென்று ஒரு இடத்தில் தெரிந்துவிட்டால், பொருள் உள்ள இடத்திலும் அதை மதிக்க மாட்டார்கள். அடைத்த கல்யாண மண்டபத்தில் மாஸ்க் அவசியம் என்று பிறகு நான் சொன்னபோது, "ரோட்டுல போடச் சொன்னதும் அவசியம்னுதானே சொன்னாக" என்றார் சின்னையா. என்னிடம் பதில் இல்லை.

இதைவிடக் கொடுமை சாத்தான்குளம். அடுத்த மாவட்டம் எங்களுக்கு. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜைப் பிடித்துப் போனார்கள், கேட்கப் போன மகன் பென்னிக்ஸையும் உள்ளே வைத்தார்கள். காவல் நிலையத்தில் அடித்தது ஊருக்கே தெரியும். கோவில்பட்டி கிளைச் சிறையில் இருந்த இருவரும் ஜூன் 22, 23-ல் அடுத்தடுத்து செத்துப்போனார்கள். நோயிலிருந்து மக்களைக் காப்பாற்றப் போட்ட விதியின் பெயரால் ஒரு அப்பனும் பிள்ளையும் போனார்கள். தெற்கே அதற்குப் பிறகு "உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம்" என்று யாராவது சொன்னால் மக்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அரசு கையில் ஊசியை எடுத்தது இந்தச் சூழ்நிலையில்.

2021 ஜனவரி 16 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தமிழ்நாட்டுக்கான தடுப்பூசி தொடங்கியது. மார்ச்சில் 60 தாண்டியவர்களுக்கு, ஏப்ரலில் 45 தாண்டியவர்களுக்கு என்று விரிந்தது. அப்போதுதான் நடிகர் விவேக் விஷயம். ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமரா முன்னால் போட்டுக்கொண்டு, எல்லாரும் போடுங்கள் என்று சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலை இறந்துபோனார். மரம் நடச் சொன்ன, மூடநம்பிக்கையைக் கேலிசெய்து எங்களை வளர்த்த, தெற்குச் சீமையிலிருந்து போன மனிதர். இதய ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள். ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் பிறகு அதையே உறுதிசெய்தது. எப்போது? அக்டோபரில். ஆறு மாசம் கழித்து. அந்த ஆறு மாசத்தில் இரண்டாம் அலை வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு ஆறாத புண்ணும் இருந்தது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தத்தை ஏற்றினார்கள். ரத்தம் கொடுத்த பையன் விஷயம் தெரிந்து தானாக முன்வந்து சொன்னான், பிறகு விஷம் குடித்து இறந்துபோனான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு போனது. விருதுநகர் மாவட்டத்துக்காரர் ஒருவர் 2021-ல் "அரசாங்க ஆஸ்பத்திரி ஊசியை எப்படி நம்புறது?" என்று கேட்டால் அவரை அறிவில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவர் செய்தித்தாள் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனாலும் நான் போடச் சொல்லித்தான் வாதாடினேன். காரணம் கண்முன்னால் நடந்தது. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. மூச்சு முட்டினால் எங்களுக்கு மதுரைதான். விருதுநகர் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தது. துஷ்டி வீட்டுக்கு 20 பேருக்கு மேல் போகக்கூடாது என்று விதி. போகவும் பயம். சொந்த அண்ணன் தம்பி கொள்ளி வைக்க வர முடியாத மாசம் அது.

அந்த ஜூன், ஜூலையில் தமிழ்நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்து எத்தனை பேர் உடம்பில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்த்தார்கள். மாநிலத்துக்கு 66 சதவீதம். மாவட்டங்களில் முதலிடம் விருதுநகர், 84 சதவீதம். ஈரோட்டில் 37-தான். ஊசி அப்போது பெரும்பாலோருக்குப் போய்ச் சேரவில்லை. ஆக அந்த 84-ல் பெரும் பங்கு நோய் வந்து போனதால் கிடைத்தது. சென்னையைக்கூட மிஞ்சி எங்கள் கரிசல் காட்டில் அது வீடு வீடாகப் புகுந்திருக்கிறது. "நம்ம வெயிலுக்கு அது தாங்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தப் பேச்சை இந்த எண் முடித்துவைத்தது.

"ஊசி போட்டவுகளுக்கும் வருதுல்ல? பெறகு எதுக்குப் போடணும்?" இது சின்னையாவின் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. பதில், எங்களிடம் அபராதம் வாங்கின போலீஸ்காரர்களிடமே இருக்கிறது. தமிழ்நாடு காவல் துறையில் 1,17,524 பேர். 2021 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, இரண்டாம் அலையின் உச்சத்தில், அவர்களில் கொரோனாவால் இறந்தவர்கள் 31. ஐ.சி.எம்.ஆர். நிறுவனம் கணக்கெடுத்தது. இரண்டு டோஸ் போட்டிருந்த 67,673 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்டிருந்த 32,792 பேரில் 7 பேர். ஒன்றுமே போடாத 17,059 பேரில் 20 பேர். வயது, வேறு நோய் என்று பிரித்துப் பார்க்காத கணக்குதான். ஆனாலும் எல்லாரும் ஒரே வேலை பார்த்தவர்கள், ஒரே வெயிலில் ஒரே செக்போஸ்டில் நின்றவர்கள். நோய் வருவதை ஊசி முழுசாகத் தடுக்கவில்லை, உண்மை. சாவைத் தடுத்தது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒட்டியிருந்தால் போதுமே என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நர்ஸம்மாக்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பத்து டோஸ் குப்பியில் கொஞ்சம் கூடுதலாக மருந்து இருக்கும். அதைச் சிந்தாமல் இழுத்து பதினொன்றாவது ஆளுக்கும் போட்டார்கள். அதனால்தான் தொடக்கத்தில் வீணடிப்பில் பேர் கெட்டிருந்த தமிழ்நாடு, சில மாசத்தில் வாங்கியதைவிடக் கூடுதலாகப் போட்டுக் காட்டியது. 2021 செப்டம்பர் 12 அன்று முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28.91 லட்சம் பேர். அக்டோபரில் முகாமை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வரத் தயங்குகிறார்கள் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே காரணம் சொன்னார். சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு இது அந்த இரண்டு வருஷத்தில் அரசு செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, அதற்கேற்பத் தன் நாளை மாற்றிக்கொண்டது.

அந்தக் காது நீடிக்கவில்லை. 2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று பொது சுகாதாரத் துறை அறிவித்தது. டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம் போடாதவர்களைப் பொது இடங்களுக்குள் விடப்போவதில்லை என்றது. சின்னையா ஒரு வேலையாக ஒரு அலுவலகத்துக்குப் போனார். சர்டிபிகேட் இருந்தால் உள்ளே வா, இல்லாவிட்டால் போ என்று நாலு பேர் முன்னால் அதட்டினார்கள். அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொண்டார். கணக்கில் ஒரு டோஸ் ஏறியது. "மிரட்டிப் போட வச்சாக" என்று அவர் மனசிலும் ஏறிவிட்டது.

2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவும் பி.ஆர். கவாயும், ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, தன் உடம்பின் மேல் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கும். அதே சமயம், பொது நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகள் போடலாம், ஆனால் அவை தேவைக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும். போடாதவரால்தான் கூடுதலாகப் பரவுகிறது என்று காட்ட மாநிலங்கள் தரவு எதுவும் தரவில்லை, ஆகவே போடாதவர்கள் மேல் மட்டும் தடை வைப்பது தகாது என்றார்கள். அந்த வழக்கில் தடை போட்ட மாநிலங்களில் ஒன்றாக நின்றது தமிழ்நாடு. இது சின்னையா கேட்ட அதே கேள்விக்கு நாட்டின் மிகப்பெரிய மன்றம் சொன்ன பதில். தடுப்பூசி நல்லது என்றும் சொன்னது, மிரட்டாதே என்றும் சொன்னது. என் நிலையும் அதுதான்.

மிரட்டலின் விலை 2024-ல் தெரிந்தது. கோவிஷீல்டு ஊசியை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம், மிக மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வரலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்த அன்று சின்னையா போன் போட்டார். "பாத்தியா? அன்னைக்கே சொன்னேன்ல?" நான் அவருக்கு விளக்கினேன்: அது புதுச் செய்தி இல்லை சின்னையா, 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் தெரிந்தது. நம் நாட்டுக் குழுவே 2021 மே மாதம் அறிக்கை கொடுத்தது: சந்தேகத்துக்குரியவை 26, அதாவது 10 லட்சம் டோஸுக்கு 0.61. அந்த ஊசியால் பிழைத்தவர்கள் கணக்கு அதைவிடப் பல மடங்கு பெரிசு. "இருக்கட்டும். இதை எனக்கு ஊசி போட்ட அன்னைக்கு யாரும் சொல்லலையே?" என்றார்.

சொல்லவில்லைதான். ஊசி போட்ட 20 நாளுக்குள் கடுமையான தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள் என்று மத்திய அரசு அறிவுரை வெளியிட்டது உண்மை. அது டெல்லியிலிருந்து பந்தல்குடி வரை வந்து சேரவில்லை. 10 லட்சத்துக்கு ஒன்றுகூட இல்லாத ஆபத்தை மறைத்து, நம்பிக்கை முழுவதையும் இழப்பது என்ன கணக்கு? முதலிலேயே சொல்லியிருந்தால் சின்னையா அதைக் கேட்டுவிட்டே போட்டிருப்பார். அவர் லாரி மேல் நின்று கல் இறக்கினவர். எந்த ஆபத்து பெரிசு, எது சிறிசு என்று எடைபோட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தத் தகராறு தமிழ்நாட்டுக்குப் புதுசா என்றால், இல்லை. எழுபது வருஷம் முன்னால் ராஜாஜியே இதில் இறங்கினார். 1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்க, எங்கள் விருதுநகர்க்காரர் காமராஜர் அந்த நாற்காலிக்கு வந்தார். மறு வருஷம், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போடுவதை எதிர்த்து ராஜாஜி ஒரு பிரசாரமே நடத்தினார், புத்தகமும் போட்டார். ஆரோக்கியமான பிள்ளைகள் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்துகிறீர்கள், அது காக்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்பது அவர் வாதம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் மறுபக்கம் நின்றார். கவர்னர் ஜெனரலாக இருந்த ஒருவரே எதிர்த்ததால் தமிழ்நாட்டில் அந்த இயக்கம் தடுமாறியது.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2.6 லட்சம் பேரை வைத்து, மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு பி.சி.ஜி., மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி என்ற வகையில் உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. ஆய்வைத் தொடங்கினார்கள். 1979-ல் முதல் முடிவு வந்தது. 15 வருஷம் விடாமல் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ராஜாஜியின் சந்தேகத்தில் ஒரு பாதி சரி. ஆனால் ஊசியால் பெரிய கேடு வரும் என்ற பயம் பலிக்கவில்லை. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயை அது தடுக்கிறது, அதனால்தான் இன்றைக்கும் பிறந்த குழந்தையின் தோளில் போடுகிறோம். கேள்வி கேட்டவரைப் பைத்தியம் என்று ஒதுக்காமல், அந்தக் கேள்வியை நம் மண்ணிலேயே, நம் மக்களோடு, பொறுமையாகச் சோதித்துப் பார்த்து உண்மையைச் சொன்ன நாடு இது. முடிவு தங்களுக்கு எதிராக வந்தபோதும் மறைக்கவில்லை. அந்த ஒழுங்கு 2021-ல் எங்கே போனது?

எதிர்ப் பக்கத்தையும் சும்மா விட முடியாது. சந்தேகப்படுவது வேறு, பொய் பரப்புவது வேறு. ஊசி போட்டவர்கள் இரண்டு வருஷத்தில் செத்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு விஞ்ஞானி சொன்னதாக 2021 மே மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓடியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுத்தது. எங்கள் சொந்தக்காரர்கள் குழுவிலும் அது வந்தது. அனுப்பியவர் படித்தவர், மாசச் சம்பளக்காரர், தான் இரண்டு டோஸும் போட்டுக்கொண்டவர். அதைப் படித்துவிட்டுப் போடாமல் இருந்தவர்கள் கூலிக்காரர்கள். தனிமனிதப் பொறுப்பு என்று பேசுவதானால் முதலில் இதைப் பேச வேண்டும். வீட்டில் இருந்து சம்பளம் வாங்க முடிந்தவருக்குப் பொறுப்பு சுலபம். காய்ச்சலோடு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு உலை கொதிக்காது என்ற நிலையில் இருந்தவரிடம், அவர் போனதற்காக, பொறுப்பில்லாதவர் என்று பட்டம் கட்டினோம். அரசு 2020 ஏப்ரலில் கார்டுக்கு 1,000 ரூபாயும், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்தது. இல்லாததற்கு அது உதவிதான். ஆனால் ஒரு தறிக்கார வீடு இரண்டு மாசம் உட்கார்ந்து சாப்பிட அது காணாது. வேலைக்கு வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று சொன்ன முதலாளிகளிடம் எந்த அதிகாரியும் ரசீது புத்தகத்தோடு போகவில்லை.

வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் மறக்கக்கூடாது. எங்கள் ஊரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். யாரும் உள்ளே போக மாட்டார்கள், ஆனால் வாசலுக்கு இளநீரும் மோரும் வந்து சேரும். கொரோனாவுக்குத் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். விலகி இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். தகரத்துக்குப் பயந்து எத்தனை பேர் காய்ச்சலை மறைத்தார்கள், மறைத்த நாட்களில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் அரசு கணக்கில் மட்டும் 38,000 பேர் போயிருக்கிறார்கள். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வரும்போது முதலில் அனுப்ப வேண்டியது போலீஸை இல்லை, ஊருக்குத் தெரிந்த நர்ஸம்மாவை. கையில் மாஸ்க் கட்டோடும், ஊசியின் நன்மை தீமை இரண்டையும் எழுதிய தாளோடும், காய்ச்சல்காரர் வீட்டில் இருக்கும் நாட்களுக்கான கூலியோடும் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவர் அடைத்த இடத்தில் இருமிக்கொண்டே மாஸ்க் போடாமல் நின்றால், அப்போது அவரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதைப் படிக்கிற உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சளி, இருமலோடு பெரியவர்கள் பக்கத்தில் உட்காரும்போதும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் சர்ஜிக்கல் மாஸ்க் போடுங்கள். சரிபார்க்காத மருத்துவச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்து, தட்டம்மை ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதுவாக்கில் ஒன்று என்று இரண்டும் விழுந்திருக்கிறதா பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். என்ன ஊசி, எதற்கு, போட்டபின் என்ன வரலாம் என்று கேளுங்கள். பதில் சொல்லும் வரை கேளுங்கள்.